நான் வழித்தெறிந்த கிரீம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம், பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே வேலை. எனக்குப் பிறந்த ஊர் பக்கத்திலேயே இருக்கிற கோவில்பதாகை. நான் வாழ்க்கைப்பட்டுப் போன தூரம் ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம் என்று என் தங்கைகள் இன்னும் கேலி செய்வார்கள்.

விவசாயம் பார்த்த குடும்பம் எங்களுடையது. ஒரு பருக்கை சோறு கீழே விழுந்தால் அம்மா எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். அதனால் மிஞ்சினதை வேறொன்றாக மாற்றுவதில் எனக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. பழைய இட்லி உப்புமாவாகும், மிஞ்சின சப்பாத்தி கொத்தாகும், ஆறிப்போன சோறு வடாமாகும். ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, காய்ந்துபோன கேக்கில் புட்டிங் செய்யவும் கற்றுக்கொண்டேன். குவார்ட்டர்ஸில் யார் வீட்டில் பிறந்தநாள் முடிந்தாலும் மறுநாள் மிச்ச கேக் என் வீட்டுக்கு வந்துவிடும். சாயங்காலம் அது புட்டிங்காக நாலு வீட்டுக்குப் போகும். "இவ கையில காஞ்ச ரொட்டியக் குட்த்தா அல்வாவா திருப்பிக் குட்ப்பா" என்று மாடி வீட்டு அம்மா எல்லாரிடமும் சொல்வார். வெளியே சும்மா சிரித்தாலும் உள்ளுக்குள் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

எங்கள் பக்கத்து வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவர், அவருடைய மனைவி, ஒரே பெண் குழந்தை. அவர் அதிர்ந்து பேசாத மனுஷன். காலையில் சைக்கிளைத் துடைப்பது, வேலைக்குப் போவது, வந்து குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது, அவ்வளவுதான். அவர் மனைவி என்னை "அக்கா, அக்கா" என்று சுற்றிவருவாள். எனக்கும் அவள் கூடப்பிறந்தவள் மாதிரிதான். அவள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் கடுகு எந்தக் கிண்ணத்தில், சீரகம் எந்தக் கிண்ணத்தில் என்பது எனக்குப் பாடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தைக்கு ஏழாவது பிறந்தநாள். ரோஸ் நிறத்தில் ஒரு கிலோ பட்டர் கிரீம் கேக் வாங்கியிருந்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குள், யாரும் எதிர்பார்க்காமல், அந்த அமைதியான மனுஷன் கேக்கின் ஓரத்தில் இரண்டு விரலை வைத்து நீளமாக ஒரு இழுப்பு இழுத்தார். அந்தக் கிரீமைக் குழந்தையின் இரண்டு கன்னத்திலும் பூசிவிட்டார். குழந்தை கத்திச் சிரித்தது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

"ஏங்க, வெட்டுததுக்கு முன்னாலயே கேக்க நாசம் பண்ணுதீயளே, ஃபோட்டோவுல எப்படி இருக்கும்?" என்று அவள் கடிந்துகொண்டாள்.

"ஃபோட்டோவுல அந்தப் பக்கத்தத் திருப்பி வச்சிரு" என்றார் அவர். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

அதனால் கேக்கை மறுபக்கத்திலிருந்தே வெட்டினார்கள். பாதிக்கு மேல் தீர்ந்தது. விரல் இழுத்த பக்கம் மிஞ்சி, அட்டைப்பெட்டியோடு ஃப்ரிட்ஜுக்குள் போனது.

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் கிளம்பியவர், பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயசு. முந்தின நாள் பூசின கிரீம் குழந்தையின் காதோரத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஈரத்துணியால் துடைத்தவள் நான்தான்.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள். புதன்கிழமை பால் தெளித்தார்கள். சாவு வீட்டில் அடுப்பை யாராவது பொறுப்பெடுக்க வேண்டுமே, யாரும் சொல்லாமலே நான் எடுத்துக்கொண்டேன். என் வீட்டில் சமைத்து அங்கே கொண்டுபோவேன். காரியம் முடியும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, கவிச்சி கூடாது. இட்லி, ரசம் சோறு, அவித்த காய் இவ்வளவுதான். பெரியவர்கள் அழுதுகொண்டே எப்படியோ இரண்டு வாய் தின்றார்கள். குழந்தை தின்னவில்லை.

பிடிவாதம் இல்லை, அழுகை இல்லை. வாயில் வைத்தால் வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் துப்பும். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். பாலும் இரண்டு பிஸ்கட்டும் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் உடம்பு கொதித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, நாளைக்கும் இப்படியே இருந்தால் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். ஒரு வீட்டிலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா என்று ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தேன்.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். குழந்தையின் அம்மா, மூலையில் உட்கார்ந்திருப்பவள், திடீரென எழுந்து வருவாள். ஃப்ரிட்ஜைத் திறப்பாள். உள்ளே பார்த்துக்கொண்டே நிற்பாள். தண்ணீர்கூட எடுக்காமல் கதவை மூடிவிட்டுப் போவாள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. "பாவம், புத்தி பேதலிச்சுக் கீது" என்றார் மாடி வீட்டு அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். எதற்குத் திறக்கிறாள் என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை இட்லியோடு போனேன். அவள் குளிக்கப் போயிருந்தாள். குழந்தை பாயில் படுத்திருந்தது. "என்ன வேணும் கண்ணு, சொல்லு, ஆன்ட்டி செஞ்சு தரேன்" என்றேன். அது மெதுவாகச் சொன்னது.

"கேக்கு."

ஐந்து நாளில் அது கேட்ட முதல் பொருள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தேன், பெட்டியை எடுத்தேன். கேக் ஓரமெல்லாம் காய்ந்து பொறை ரொட்டிபோல ஆகியிருந்தது. கிரீம் இறுகி, ஃப்ரிட்ஜ் வாடையும் லேசான புளிப்பும் அடித்தது. காய்ச்சல்காரக் குழந்தைக்கு அப்படியே கொடுக்க முடியாது. மனசு உடனே கணக்குப் போட்டுவிட்டது. மேலே இருக்கிற கிரீமை வழித்துவிட்டு, உள்ளே இருக்கிறதை உதிர்த்துப் பாலில் ஊறவைத்து, ஆவியில் வேகவைத்தால் புட்டிங். எண்ணெய்ச் சட்டி வேண்டாம், இட்லிப் பானை போதும்.

பெட்டியோடு வெளியே வரும்போது மாடி வீட்டு அம்மா எதிரே வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "இன்னாமே, காரியம் முடியாத ஊட்டுக்கு இனிப்பா? கேக்குல முட்டை வேற கீது!" என்றார்.

"கொழந்தைக்கு ஏதுக்கா தீட்டு? அது தின்னா போதும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

என் சமையலறை மேடையில் பெட்டியைத் திறந்து வைத்தேன். ரோஸ் கிரீமில், ஓரமாக, நீளமாக இரண்டு கோடு. பக்கத்தில் பக்கத்தில், ஏர் உழுத சால் மாதிரி, குளிரில் இறுகி அப்படியே இருந்தது. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் இழுத்தபோது சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் அந்த நேரத்தில் என் கண்ணுக்குக் கெட்டுப்போன கிரீம்தான் தெரிந்தது. பெரிய கரண்டியை எடுத்து ஒரு ஓரத்திலிருந்து வழித்தேன். மூன்று வழிப்பில் சுத்தமாக வந்துவிட்டது. ஈரக் குப்பை டப்பாவில் தட்டினேன். கரண்டியைக் கழுவினேன்.

அப்புறம் எல்லாம் வழக்கம்போல. கேக்கை உதிர்த்தேன். காய்ச்சின பாலில் கஸ்டர்ட் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். டப்பா அடியில் சர்க்கரையைப் பொன்னிறமாக உருக்கி, கலவையை அதன்மேல் ஊற்றி மூடி, இட்லிப் பானையில் வைத்தேன். வாசலில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. என் வீட்டுக்காரர் டப்பாவை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தார். வெந்ததும் ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, தட்டில் கவிழ்த்தேன். குலுங்கிக்கொண்டு வந்து விழுந்தது. நான் செய்ததிலேயே நன்றாக வந்த புட்டிங் அதுதான் என்று எழுதக் கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை.

குழந்தை முதல் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். விழுங்கியது. அடுத்ததற்கு வாயைத் திறந்தது. கிண்ணம் காலி. இன்னும் கொஞ்சம் என்றது. ஊரிலிருந்து வந்த அத்தைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க நல்லா இருப்பீய" என்றாள். எனக்கு அந்த நிமிஷம் கால் தரையில் இல்லை.

குளித்துவிட்டு வந்து உள்ளறையில் படுத்திருந்த குழந்தையின் அம்மா, ஈரம் காயாத தலையோடு அப்போதுதான் எழுந்து வந்தாள். காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் முகம்கூட லேசாகத் தெளிந்தது.

"தின்னுட்டாளா? என்னக்கா குடுத்திய?"

"கேக்குதான்மா. ஃப்ரிட்ஜுல இருந்துச்சே, அதைப் புட்டிங்கா பண்ணிட்டேன்."

அவள் ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். திறந்தாள். பார்த்தாள். திரும்பி என்னைக் கேட்டாள்.

"மேல இருந்த கிரீமு?"

"புளிச்சுப் போச்சும்மா. வழிச்சுக் கொட்டிட்டேன்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. அந்த இரண்டு கோடு கண்முன்னால் வந்து நின்றது. ஐந்து நாளாக அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து எதைப் பார்த்தாள் என்பதும் புரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அதுதான்.

"எங்க கொட்டினிய?"

"குப்பை வண்டிக்கு..."

பதினாறு முடியாமல் வாசற்படி தாண்டக் கூடாது என்று அவளை உட்கார வைத்திருந்தார்கள். அவள் தாண்டினாள். ஈரத் தலையோடு, செருப்பில்லாமல் ஓடினாள். "ஏட்டி, எங்க போற, வெளிய போகக்கூடாதுட்டி" என்று அத்தைக்காரி கத்தினாள். நான் பின்னால் ஓடினேன். ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. வண்டி கடைசி வரிசைக்குப் போய்விட்டிருந்தது. பாட்டுச் சத்தத்தை வைத்துத்தான் பிடித்தோம்.

வண்டி ஓட்டி வந்த அம்மாவுக்கு என் வயசு இருக்கும். பச்சைச் சட்டை, கையில் ரப்பர் உறை. மூச்சிறைக்க ஓடிவந்த எங்களைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார்.

"இன்னாம்மா, செயினு கியினு போட்டுட்டியா?"

அவளால் பேச முடியவில்லை. நான்தான் சொன்னேன். கேக் கிரீம் என்று ஆரம்பித்ததும் அந்த அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. இறந்துபோன அவள் புருஷன் விரல் பட்ட கிரீம் என்றதும் அது அப்படியே நின்றுவிட்டது. இதில் என்ன கிடைக்கப்போகிறது என்று அவர் கேட்கவில்லை. பைத்தியமா என்று பார்க்கவில்லை. பாட்டை நிறுத்தினார். ஈரக் குப்பை டிரம்மைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். ஒரு பழைய சாக்கை ரோட்டில் விரித்து, டிரம்மை அதன்மேல் சாய்த்தார். குந்தி உட்கார்ந்து, வாழைப்பழத் தோலையும் சோற்றையும் மீன் செதிலையும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாற்றம் குமட்டியது. அவர் அவசரப்படவே இல்லை.

"தோ, இதுவா பாரு."

ஒரு கை நிறைய, ரோஸ் நிறத்தில், இளகிப்போய், டீத்தூளும் சாதமும் ஒட்டிக்கொண்டு. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தொடவில்லை.

"இது இல்லக்கா" என்றாள் அந்த அம்மாவிடம். "அது போச்சு."

அந்த அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு அவள் தோளைத் தொட்டார். "அழாத கண்ணு. உன் கொழந்த வவுத்துக்குள்ள போயிட்சி இல்ல, அத்த எவன் வந்து எடுத்துகினு போவான்?"

அவள் நிமிர்ந்தாள். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. "வயித்துல போனது கேக்குக்கா. அவிய விரலு குப்பையில போச்சு."

அந்த அம்மா சிந்தினதையெல்லாம் கையால் அள்ளி டிரம்மில் போட்டார். நானும் உட்கார்ந்து அள்ளினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த வரிசை முடியும்வரை அவர் பாட்டைப் போடாமலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்துக் குப்பையை வாங்கினார்.

அதற்குப் பிறகு அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் சாப்பாடு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வாள். பாத்திரம் மறுநாள் தேய்த்து என் வாசலில் இருக்கும். "அக்கா" என்ற சொல் மட்டும் வரவில்லை. குழந்தை அன்றிலிருந்து சாப்பிட ஆரம்பித்தது, காய்ச்சல் இறங்கியது, டிரிப்ஸ் ஏற்றவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும், உன்னால்தான் குழந்தை பிழைத்தது என்பார்கள். அதைக் கேட்டால் எனக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருக்கும். "வுடு, புள்ள தேறிட்சி இல்ல, ஒரு கேக்குக்கா இவ்ளோ?" என்று மாடி வீட்டு அம்மாவே சமாதானம் சொன்னார். பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அன்றைக்கு ஒரு கால் மணி நேரம், அவள் குளித்துவிட்டு வரும்வரை, பொறுத்திருக்கலாம். "கேக்கை எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டிருந்தால், அவளே அந்த ஓரத்தை மட்டும் ஒரு டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்திருப்பாள். எத்தனை நாளைக்குத்தான் வைத்திருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். பத்து நாளோ இருபது நாளோ. தானாகக் கெட்டு, அவளே ஒருநாள் பார்த்து, சரி போகட்டும் என்று விடுவது வேறு. ஒருத்தி வந்து கரண்டியால் வழித்துப் போடுவது வேறு.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய அவர்களுக்குக் கொடுத்திருந்த தவணை கார்த்திகையில் முடிந்தது. அம்மாவும் குழந்தையும் ஊருக்கே போவதென்று முடிவு. கிளம்புவதற்கு முந்தின நாள் பாத்திரம் கட்ட நான் கூட இருந்தேன். குழந்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, அந்தப் பால் கேக்கு இன்னொரு தடவ செஞ்சு தருவீங்களா?" என்றது. நான் பயந்துபோய் அவளைப் பார்த்தேன். அவள் தலையைத் தூக்காமல் டம்ளர்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"செஞ்சு குடுங்கக்கா. கேக்குதான, கடையில வாங்கிக்கிடலாம்."

ஐந்து மாசத்துக்குப் பிறகு அந்த "அக்கா"வைக் கேட்டேன்.

அன்றைக்கே போய் அரை கிலோ வாங்கி வந்தேன். அதே ரோஸ் கிரீம். மேடையில் வைத்தேன். பால் காய்ந்துகொண்டிருந்தது. கரண்டியைக் கிரீம் ஓரத்தில் வைத்தேன். கை நகரவில்லை. மறுபடி வைத்தேன். முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கேக்கை முழுசாக அப்படியே பெட்டியில் வைத்து மூடினேன்.

மறுநாள் அவர்கள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் பெட்டியைக் குழந்தையிடம் கொடுத்தேன். "புட்டிங் செய்ய வரல கண்ணு, கேக்காவே சாப்பிடு" என்றேன். அது மூடியைத் திறந்தது. ஒரு நிமிஷம் பார்த்தது. பிறகு இரண்டு விரலை ஓரத்தில் வைத்து, அவர் இழுத்த மாதிரியே, நீளமாக ஒரு இழுப்பு இழுத்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தது.

அவள் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. சட்டென்று மூடியை மூடி, பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்து, ஆடாமல் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ கிளம்பி வளைவில் திரும்புகிறவரை அவள் கை அதைவிட்டு எடுபடவில்லை.

இப்போது நாங்கள் சேக்காட்டில் சொந்த வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இங்கேயும் கூப்பிட்டால் போவேன், யார் வீட்டுச் சாவுக்கும் அடுப்பைப் பார்த்துக்கொள்வேன். ஆனால் அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் காய்ந்த ஒரு துண்டு ரொட்டி இருந்தாலும், "இது இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?" என்று அந்த வீட்டுக்காரியைக் கேட்டு, அவள் வாயிலிருந்து பதில் வரும்வரை என் கை அதைத் தொடுவதில்லை.